சர்வர்... ஒரு சாம்பா!

பி.காம். படித்தவனிடம் உலகம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது. ஒன்று, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எது டெபிட், எது கிரெடிட் என்று சொல்ல வேண்டும். இரண்டு, ஆபீஸில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், 'கொஞ்சம் என்னன்னு பாருப்பா' என்றவுடன் எழுந்து போக வேண்டும். முதலாவதில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. இரண்டாவதில் துணிச்சல் உண்டு. கவனிக்கவும்: அறிவு இல்லை, துணிச்சல். அது 2017 மே மாதம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன்.

அப்போது எழுத்தில் வந்த வரும்படி டீக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சரியாகப் போய்க்கொண்டிருந்ததால், சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர், பத்து கம்ப்யூட்டர், இரண்டு பிரின்டர் (ஒன்று ஓடும்), மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் சர்வர். கட்சிக்காரர்கள் அத்தனை பேரின் டாலி கணக்கும், பேலன்ஸ் ஷீட்டும், பான் கார்டு நகலும் அதற்குள்தான். பெட்டியின் தலையில் ஒரு பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் 2013ம் வருடத்து டைரி. வைத்த நாளிலிருந்து கரண்ட் போனால் தவிர அது அணைந்ததே கிடையாது. அதனாலேயே எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

பெட்டிக்குள் 'காமன்' என்று ஒரு ஃபோல்டர். பெயருக்கேற்ற ஊர்ப்பொது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் போடலாம், பாஸ்வேர்ட் கிடையாது. இப்படி வைக்கச் சொன்ன புத்திசாலி யார் என்கிறீர்களா? அடியேன்தான். 2012ல் பெட்டியை நிறுவிய சிஸ்டம் தம்பி (மதுரைப் பக்கம்) ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்றுதான் ஆரம்பித்தான். ஆர்டிகிள் பையன்கள் வாரத்துக்கு மூன்று தடவை மறந்தார்கள். ஆடிட்டர் தினமும் மறந்தார். ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"பாஸ்வேர்டை எடுத்துடு தம்பி. எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

"வேணாம்ணே."

"எடுங்கறேன்."

எடுத்துவிட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? 2015ல் செலவைக் குறைக்க வழி கேட்டார் ஆடிட்டர். பெட்டியைப் பார்த்துக்கொள்ள தம்பிக்கு மாதா மாதம் கொடுத்துவந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். ரிப்பேரே ஆகாத சாமானுக்கு எதற்கு மெயின்டனன்ஸ் என்று ஓரத்தில் குறிப்பு வேறு எழுதினேன். 'குட் பாயின்ட்' என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற கிருமி உலகத்தைப் பிடித்து ஆட்டியது ஞாபகமிருக்கும். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலரை பிட்காயினாக வைத்தால்தான் சாவி என்றது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் பரிமாறிக்கொள்ளும் வழியில் இருந்த ஒரு ஓட்டைதான் வாசல். இதில் வேதனை, ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதமாகப் பலர் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஆடிட்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நம்ம பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அது விண்டோஸ் வியாதி ஸார். நம்ம சர்வர் லினக்ஸ். கொசு கடிச்சா மனுஷனுக்குத்தான் மலேரியா வரும். மரத்துக்கு வராது."

எனக்கே அந்த உவமை பிடித்துப்போய், அன்று மாலைக்குள் இன்னும் நாலு பேரிடம் சொன்னேன். பத்து விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் அப்டேட் போட்டோம். மரத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

மே 25, வியாழக்கிழமை சாயங்காலம் ஃபோன். இரண்டு வருடம் கழித்து, தம்பி.

"அண்ணே, அந்தப் பெட்டி இன்னும் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுதே!"

"அதான் பயமா இருக்கு."

அரை மணி நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டான். விஷயம் இதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் கேட்பதற்கென்று ஒரு பாஷை வைத்திருக்கின்றன. எஸ்எம்பி என்று பெயர். லினக்ஸுக்கு அது பிறவி பாஷை அல்ல. எனவே நடுவில் துபாஷியாக ஒரு ஸாஃப்ட்வேர் வேண்டும். அதன் பெயர் சாம்பா. எங்கள் பெட்டியில் ஓடியதும் அதுவே. ஆடிட்டர் காதில் மட்டும் அது கடைசி வரை 'சாம்பார்' என்றே விழுந்தது.

சாம்பாவின் ஜாதகம் சுவாரஸ்யமானது. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், டாஸ் ஓடும் தன் பி.சி.யிலிருந்து யூனிக்ஸ் மெஷினில் உள்ள ஃபைல்களைத் திறக்க ஆசைப்பட்டார். அந்தப் பாஷைக்கு அவர் கையில் இலக்கணப் புத்தகம் இல்லை. இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்வதை ஒயரில் ஒட்டுக்கேட்டே எழுதிவிட்டார். ஃபிரெஞ்சு தெரியாதவன் ஒரு ஃபிரெஞ்சு ஓட்டலில் மூலை மேஜையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் சர்வர் என்ன கொண்டுவருகிறான் என்று பார்த்துப் பார்த்துப் பாஷை கற்றுக்கொள்வது போல என்று அவரே பிற்பாடு விளக்கினார். பிறகு வேறொரு கம்பெனி பெயருக்குச் சொந்தம் கொண்டாட, எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் வார்த்தைகளை அகராதியில் தேடச் சொன்னார் கம்ப்யூட்டரை. சாமன்பெர்ரி, சாம்பா, சாடிம்பர், ஸ்கிராம்பிள் என்று வந்ததாம். நல்லவேளை, நடனத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இலவசம், எவரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஆகவே உலகமெங்கும் பரவியது. வீட்டு சினிமா சேமிக்கும் டப்பாக்கள், சில மோடம் ரௌட்டர்கள் உள்பட பல இடங்களில் பெயர் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்திருப்பது சாம்பாதான்.

அதில் ஒரு ஓட்டை. 2017 மே 24 அன்று சாம்பா குழுவே அதை அறிவித்து மருந்தும் வெளியிட்டது. சிவிஇ-2017-7494 என்று கைதி நம்பர். பத்திரிகைகள் வான்னாக்ரைக்கு எதுகையாக 'சாம்பாக்ரை' என்றன, இரண்டுக்கும் உறவில்லை என்றாலும். ஓட்டை விழுந்த தேதிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: 2010 மார்ச்சில் வந்த 3.5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஏழு வருடம்! ஊரே படிக்கும்படி திறந்து வைத்த புத்தகத்தில் ஏழு வருடம். குளம் பொதுவாக இருந்தால் எல்லோரும் குளிப்பார்கள். தூர் வார ஆள் கிடைப்பது கஷ்டம்.

"என்னதான் ஓட்டைன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். தம்பி பைப், லைப்ரரி, ரூட் என்று ஏதோ சொன்னான். இரவு முழுக்க யோசித்து நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். கம்ப்யூட்டர்காரர்கள் மன்னிக்கவும்.

ஒரு கல்யாண மண்டபம். உக்கிராண அறையில் மளிகை சாமான். விருந்தாளிகளும் தங்கள் மூட்டை முடிச்சை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. அதுதான் எங்கள் 'காமன்' ஃபோல்டர். சமையல்காரரிடம் சில சாமான்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்: மிளகு, சீரகம், தனியா. கேட்ட பெயர் தெரிந்ததென்றால் எடுத்துப் போடுவார். தெரியாத பெயரென்றால் தன்னுடைய அலமாரியில் தேடுவார். இதுவரை வம்பில்லை.

இப்போது ஒரு விருந்தாளி, "உக்கிராண அறை / மூன்றாவது தட்டு / என் மஞ்சப்பை / அதிலுள்ள பொடி" என்று பெயருக்குப் பதிலாக வழியைச் சொல்கிறான். சமையல்காரர் என்ன செய்ய வேண்டும்? 'யாருய்யா நீ' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. நேரே போய், மஞ்சப்பையிலிருந்து பொடியை எடுத்து, முந்நூறு பேர் சாப்பிடும் அண்டாவில் கொட்டிவிட்டார். இந்தச் சமையல்காரருக்கோ மண்டபத்தின் எல்லா அறைச் சாவியும் உண்டு. கெட்டவன் தன் புரோகிராமை ஃபோல்டரில் போட்டுவிட்டு, அது இருக்கும் வழியைச் சொல்லி 'இதைத் திற' என்றால், சாம்பா அதை எடுத்து முழு அதிகாரத்தோடு ஓட்டிவிடும்.

இதற்குத் தேவை இரண்டே விஷயம். எழுத அனுமதியுள்ள ஒரு ஃபோல்டர், அது பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்ற ஊகம். எங்கள் ஆபீஸில் வருகிற கட்சிக்காரர்கள் வசதிக்காக வைஃபை பாஸ்வேர்டை வரவேற்பறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தோம். 'காமன்' எங்கே இருக்கும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஊகித்துவிடுவான்.

மருந்து என்ன தெரியுமா? தம்பி ஃபோனில் காட்டினான். நாலைந்து வரி. கேட்கிற பெயருக்குள் ஸ்லாஷ், அதாவது அந்தச் சாய்வுக்கோடு இருந்தால் 'முடியாது' என்று சொல்லிவிடு. அவ்வளவுதான். செக்கில் ஐந்நூறு என்று எழுதிவிட்டு, எவனும் பூஜ்யம் சேர்க்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சாய்வுக்கோடு போடச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கே என்னடாவென்றால் அதே கோடு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

"சரி, அப்டேட்டைப் போடு. கிளம்பலாம்."

"போட முடியாதுண்ணே. இது உபுண்டு 12.04. இதுக்கு இலவச அப்டேட் ஏப்ரல் 28ஓட நின்னுபோச்சு. நான் வந்துட்டிருந்தா முன்னாடியே மாத்தியிருப்பேன்."

குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சிவப்பு மை ஞாபகம் வந்தது. இதில் நாங்கள் தனி ஆளில்லை. ரேப்பிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்டர்நெட்டை நோக்கித் திறந்து கிடந்த இப்படிப்பட்ட இடங்களைத் தேடியபோது ஒரு லட்சத்துக்கு மேல் அகப்பட்டன. அவற்றில் சுமார் 90 சதவீதம் நேரடி மருந்து இல்லாத பழைய பதிப்புகள். உலகம் பூராவும் மூலையில் கறுப்புப் பெட்டிகள், தலையில் டைரிகள்.

பெட்டியைப் புதிதாக மாற்ற வேண்டும், ஒரு நாள் ஆபீஸை மூட வேண்டும் என்றான். மே 31 டீடிஎஸ் ரிட்டர்ன் கடைசித் தேதி. தாமதமானால் ரிட்டர்ன் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அதுவும் கட்சிக்காரர் தலையில். ஆடிட்டரிடம் போய் நின்றோம்.

"சாம்பாரா? 31ம் தேதி வரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் தொடப்படாது" என்றார்.

"ஸார், யாராவது உள்ளே வந்துட்டா..."

"மரத்துக்கு மலேரியா வராதுன்னியேப்பா?"

இந்த மாதிரி நேரங்களில் ஆடிட்டர்களின் ஞாபகசக்தியைப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் மட்டும்தான் மறக்கும்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். 'காமன்' ஃபோல்டரைத் திறந்து போடச் சொன்னதும் நான்தான் என்றேன். அதைச் சொல்லும்போது தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் வழியும் சொன்னான். சாம்பா குழு மருந்தோடு கைவைத்தியம் ஒன்றும் கொடுத்திருக்கிறது. செட்டிங்ஸ் ஃபைலில் 'என்டி பைப் சப்போர்ட் = நோ' என்று ஒரே வரி. சமையல்காரரிடம் சாமான் கேட்கும் ஜன்னலையே சாத்திவிடுவது. சில வசதிகள் போகும். ஆனால் மஞ்சப்பைக்காரனால் ஒன்றும் செய்ய முடியாது. இன்று ராத்திரி இது, ரிட்டர்ன் முடிந்தபின் புதுப் பெட்டி.

"காலைல டாலி ஓடலேன்னா?"

"என் பொறுப்பு ஸார்" என்றேன். துணிச்சல்தான், வேறென்ன.

எட்டரை மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் பேக்கப். "கடைசி பேக்கப் எப்பண்ணே?" பீரோவிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். என் கையெழுத்தில் 'தீபாவளி 2016' என்று இருந்தது. தம்பி ஒன்றும் சொல்லாமல் ஒயரைச் செருகினான். மூன்று மணி நேரம். நடுவில் பரோட்டா.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'காமன்' ஃபோல்டரில் யாராவது ஏற்கெனவே ஏதாவது போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தான். அந்த இருபது நிமிஷம் எனக்கு மறக்காது. முந்நூறு கட்சிக்காரர்களின் பான் கார்டு, பாங்க் கணக்கு, மகள் கல்யாணத்துக்கு எடுத்த கடன், எல்லாம் அங்கே. எங்களை நம்பிக் கொடுத்தவை. திடீரென்று "அண்ணே, இதென்ன?" என்றான். அர்த்தமில்லாத பெயரில் ஒன்றரை ஜி.பி. ஃபைல். போட்டது யார் என்று தெரியவில்லை. வயிற்றைக் கலக்கியது. மெதுவாகத் திறந்தான்.

பாகுபலி-2. தியேட்டரில் யாரோ கேமராவில் எடுத்தது, முன் சீட்டுக்காரர் தலையோடு. மறுநாள் ஆர்டிகிள் பையன் ஒருவன் மாட்டினான்.

வேறெதுவும் அகப்படவில்லை. "அப்ப யாரும் வரலை, இல்லே?" என்றேன்.

"வரலைன்னு சொல்ல முடியாதுண்ணே. வந்து துடைச்சிட்டும் போயிருக்கலாம். இப்பத்திக்கு அடையாளம் இல்லை, அவ்வளவுதான்."

பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் அந்த ஒற்றை வரியை அடித்தான். சாம்பாவை நிறுத்தி மறுபடி கிளப்பினான். பத்து செகண்ட். மூன்றரை மணி நேரக் கல்யாணத்தில் தாலி கட்டுவது மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆபீஸே கூவியது: "சர்வரைக் காணோம்!" நெட்வொர்க்கில் சர்வர் படத்தை டபுள் கிளிக் செய்தால் வழக்கமாக ஃபோல்டர் பட்டியல் வரும். அது வரவில்லை. நாங்கள் சாத்திய ஜன்னல் வழியாகத்தான் அந்தப் பட்டியல் வந்துகொண்டிருந்ததாம். ஃபோல்டரின் முழு முகவரியை அடித்தால் திறந்தது. பத்து கம்ப்யூட்டரிலும் 'இசட்' என்று டிரைவ் போட்டுக் கொடுக்கப் பதினொன்றே கால் ஆயிற்று. டாலி ஓடியது. அதுவரை ஆடிட்டர் தன் அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

சில நாட்களுக்குள்ளேயே, இதே ஓட்டை வழியாகப் புகுந்து ஊரார் மெஷின்களில் மொனேரோ என்ற டிஜிட்டல் காசை அச்சடிக்கும் கும்பல் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. மெஷின் உங்களுடையது, கரண்ட் பில் உங்களுடையது, காசு மட்டும் அவர்களுடையது. ஆடிட்டரிடம் படித்துக் காட்டினேன். கரண்ட் பில் என்றவுடன்தான் அவருக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

31ம் தேதி ரிட்டர்ன்கள் போயின. ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை தம்பி புது உபுண்டு போட்டான். ஆளுக்கொரு பாஸ்வேர்ட். 'காமன்' ஃபோல்டரில் போடும் எதுவும் புரோகிராமாக ஓடாதபடி ஒரு பூட்டு. கட்சிக்காரர்களுக்கு வைஃபை தனி. டைரியை எடுத்தாயிற்று, பிள்ளையார் இருக்கிறார்.

தம்பி பில் கொடுத்தான். மூவாயிரத்து ஐந்நூறு.

"எதுக்குப்பா? எதுவும் ரிப்பேர் ஆகலையே?" என்றார் ஆடிட்டர். என் கேள்வி, என்னிடமே திரும்பி வந்தது.

"ஆகாம இருக்கறதுக்குத்தான் ஸார்" என்றேன். "மாசா மாசம் கொடுத்துடலாம். இரண்டாயிரம்."

"ஆயிரத்து ஐந்நூறுதானே இருந்தது?"

"அது 2015ல ஸார்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செக் எழுதினார். தொகைக்குப் பக்கத்தில் சாய்வுக்கோட்டை நன்றாக அழுத்திப் போட்டார்.

வவுச்சரில் 'சாம்பா அப்டேட் - ரூ. 3,500/-' என்று நானே எழுதி ஃபைலில் வைத்தேன். வருடக் கடைசியில் லெட்ஜரைச் சரிபார்க்கும்போது ரிப்பேர்ஸ் தலைப்பில் அதைக் காணோம். தேடினேன். ஆர்டிகிள் பையன் எழுத்துப்பிழையைத் திருத்தி, ஸ்டாஃப் வெல்ஃபேரில், ஜூன் மாத டிபன் செலவுக்குக் கீழே ஏற்றியிருந்தான்.